பழைய வரைபடத்தில் சதுப்பும் ரயில்பாதையும்: ஒஹையோவை வைத்து ஒரு பயிற்சி

பழைய வரைபடத்தை வைத்து ஒரு நிலத்தின் கதையைப் படிக்கப் பழக, அமெரிக்காவின் வடமேற்கு ஒஹையோவில் இருந்த கரும் பெருஞ்சதுப்பை (Great Black Swamp) எடுத்துக்கொள்ளுங்கள். தேவை: அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் 1900-ஐ ஒட்டிய 1:62,500 அளவுகோல் வரைபடத் தாள். அதில் 1 அங்குலம் ஏறக்குறைய 1 மைல்.

முதலில் நீல நிறம். வளைந்து நெளிந்தால் இயற்கை ஓடை. ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் நேராக ஓடினால் வெட்டிய வடிகால். 1859 வடிகால் சட்டத்துக்குப் பிறகே இவை பெருகின.

அடுத்து சாலைகள். பெரும்பாலானவை நில அளவையில் பிரித்த 1 மைல் சதுரக் கட்டத்தில் நிற்கும். கட்டத்தை மீறிக் கோணலாகப் போகும் சாலையை விடாதீர்கள். பெரும்பாலும் அது பழைய ஏரிக்கரையின் மணல்மேடு. உயரம் சில அடிதான், சமஉயரக்கோட்டில் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) தெரியாமலும் போகலாம். ஆனால் வீடுகளைக் குறிக்கும் கறுப்புப் புள்ளிகள் அதன் இருபுறமும் மணிகோத்ததுபோல் வரும். முதலில் குடியேறியவர்கள் கால் நனையாத இடம் பார்த்துத்தான் வீடு கட்டினார்கள்.

ரயில்பாதைக்கு மேடு பள்ளம் பெரிதல்ல. மண்ணைக் கொட்டி நேராகப் போகும். மேட்டைவிட்டு விலகி, தண்டவாளத்தை ஒட்டியே தெருக்கள் அமைந்திருந்தால் அது ஸ்டேஷனால் பிறந்த ஊர். பல ஊர்களுக்கு மரம் ஏற்றுவதே முதல் தொழில்.

பலர் சறுக்குவது இங்கேதான்: சதுப்புக் குறி இல்லையென்றால் காய்ந்த நிலம் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் படத்துக்கு அளவெடுப்பதற்கு முன்பே நீரை வடித்திருப்பார்கள். தொடக்ககால நில அளவைப் படத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டையும் பொருத்த ஆற்றங்கரையைப் பிடிக்காதீர்கள், அது நகரும். அளவைக் கட்டத்தின் மூலைகளைப் பிடியுங்கள். அச்சான ஆண்டை விட்டு, அளவெடுத்த ஆண்டையே குறியுங்கள்.