இணையக் குழுவினருக்கு அறச்சார்பு வகுக்கும் முறை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அறச்சார்பு உண்டு; விதியையும் பிறரையும் அது எப்படி நடத்தும் என்பதைக் காட்டும் அடையாளம் அது. ஆடுபவர்கள் அதை அலைன்மெண்ட் என்றே சொல்வார்கள். ஒழுங்கு, நடுநிலை, தன்போக்கு என்ற அச்சும் நன்மை, நடுநிலை, தீமை என்ற அச்சும் சேர்ந்து ஒன்பது கட்டங்களாகும். நாம் பழகும் இணையக் குழுவின் உறுப்பினர்களை அந்தக் கட்டங்களில் பொருத்திப் பார்ப்பது சுவையான வேலைதான். ஆனால் பலரும் தமக்குப் பிடித்தவர்களை நன்மை வரிசையிலும், தம்மோடு வாதிட்டவர்களைத் தீமை வரிசையிலும் வைத்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். அப்படி வரைந்த அட்டவணையைப் பார்த்தால் வரைந்தவரின் நட்பு வட்டம்தான் தெரியும்.

முதலில் இரண்டு அச்சுகளையும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் ஒழுங்கு, நடுநிலை, தன்போக்கு என மூன்று சார்புகளே இருந்தன. நன்மை, தீமை என்ற அச்சு அதற்குப் பின்னரே சேர்ந்து, 1978ஆம் ஆண்டு விதிநூலில் இன்று எல்லோரும் அறிந்த ஒன்பது கட்டங்களாக நிலைபெற்றது. ஒருவர் விதியை எப்படி நடத்துகிறார் என்பதும், பிறரை எப்படி நடத்துகிறார் என்பதும் தனித்தனிக் கேள்விகள். ஆகவே ஓர் உறுப்பினரைப் பற்றி ஒரு கேள்விக்கு விடை எழுதி முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

ஒழுங்கு அச்சில் தவறு நேர்வதற்குக் காரணம், எந்த ஒழுங்கு என்பதை முடிவு செய்யாமலே தொடங்குவதாகும். பெரும்பாலான குழுக்களில் எழுதி வைத்த விதிகள் ஒருபுறமும், யாரும் எழுதாமல் எல்லோரும் கடைப்பிடிக்கும் வழக்கங்கள் மறுபுறமும் இருக்கும். தலைப்புக்கு வெளியே பேசக் கூடாது என்று விதி சொல்ல, வார இறுதியில் அரட்டை அடிப்பது வழக்கமாகிவிட்ட குழுவில், அந்த அரட்டையைக் கண்டிப்பவரும் ஒழுங்குக்காரராகத் தோன்றுவார், வழக்கத்தை மதித்துச் சனிக்கிழமை வரை காத்திருந்து பேசுபவரும் ஒழுங்குக்காரராகத் தோன்றுவார். இரண்டில் எதை அளவுகோலாகக் கொள்வது என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, அதை எல்லோருக்கும் ஒன்றுபோல் பயன்படுத்துங்கள். என்னைக் கேட்டால் எழுதிய விதியையே கொள்ளச் சொல்வேன். பின்னர் வாதம் எழுந்தால் சுட்டிக்காட்ட ஏதேனும் இருக்கும்.

நன்மை அச்சுக்கு ஒரு கேள்வி போதும்: ஒருவருடைய செயலின் சுமையை யார் தாங்குகிறார்? புதிதாகச் சேர்ந்த ஒருவர், ஏற்கெனவே பலமுறை விடை சொல்லப்பட்ட ஒரு கேள்வியைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பழைய விடையைத் தேடி எடுத்துக் கொடுத்து, அடுத்த முறை தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும்படி பணிவாகச் சொல்கிறார். இது ஒழுங்கு நன்மை. இன்னொருவர், மறுபடி விடை சொல்லக் கூடாது என்ற விதியைக் கண்டுகொள்ளாமல் முழு விளக்கத்தையும் புதிதாக எழுதித் தருகிறார். இது தன்போக்கு நன்மை. விதியின் எண்ணை மட்டும் குறிப்பிட்டுவிட்டு நகர்பவர் ஒழுங்கு நடுநிலை. நான்காமவர் விதியை அப்படியே மேற்கோள் காட்டுகிறார், ஆனால் கேட்டவர் கூசிப்போய் வெளியேறும்வரை எல்லோர் முன்னும் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்கிறார். அவர் விதியை மீறவே இல்லை, ஆனால் அதைக் கொண்டு ஒருவரை வேண்டுமென்றே நோகடித்தார். ஒழுங்குத் தீமை என்ற கட்டம் இத்தகைய செயலுக்கென்றே இருக்கிறது.

இங்கே நான் ‘செயலுக்கு’ என்று எழுதியிருப்பதைக் கவனிக்கவும். ஒரு மோசமான மாலைப்பொழுதை வைத்து ஒருவருக்குக் கட்டம் ஒதுக்கக் கூடாது. பல மாதங்களில், பல வகைச் சூழல்களில் திரும்பத் திரும்பத் தெரிவதே சார்பு. அதிலும் தீமை வரிசைக்கு மிகக் கடுமையான நிபந்தனை வேண்டும்: பிறருக்கு நேரும் துன்பம் தெரிந்தும், அதிலிருந்து தனக்கு ஏதோ கிடைப்பதற்காக ஒருவர் அதைத் தொடர வேண்டும். முரட்டுத்தனமான பேச்சும் சலிப்பூட்டும் பிடிவாதமும் அதற்குப் போதா. இவ்வாறு அளந்தால் தீமை வரிசை பெரும்பாலும் காலியாகவே இருக்கும். எல்லோரும் தமக்கென்று கேட்டு வாங்கப் பார்ப்பது தன்போக்கு நன்மையைத்தான். சான்று கேட்டால் பாதிப் பேர் இரண்டு அச்சிலும் நடுவில் நிற்கும் முழு நடுநிலைக்கு இறங்கிவிடுவார்கள்.

எதுவும் எழுதாமல் படித்துவிட்டு மட்டும் போகிறவர்களை முழு நடுநிலையில் கொட்டுவதும் பொருத்தமில்லை. நடுநிலை என்பது இரு பக்கமும் சாயாத நடத்தை. இவர்களிடமோ நமக்குத் தெரிந்த நடத்தையே இல்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2008இல் வந்த நான்காம் பதிப்பு ‘சார்பற்றவர்’ என்று ஒரு வகையை வைத்திருந்தது. அதை அட்டவணைக்கு வெளியே ஒரு பட்டியலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நிர்வாகிகளை எடைபோடும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை, ஏனெனில் விதியைச் செயல்படுத்துவது அவர்களுடைய பொறுப்பாக இருப்பதால் எல்லா நிர்வாகிகளும் ஒழுங்குப் பக்கமே சாய்ந்தவர்களாகத் தெரிவார்கள். தன் நண்பர் விதியை மீறும்போது நிர்வாகி என்ன செய்கிறார் என்று பாருங்கள். அந்நியரின் பதிவை நீக்கிய அதே வேகத்தில் நண்பரின் பதிவையும் நீக்குபவருக்கே ஒழுங்குக் கட்டத்தைத் தரலாம்.

அட்டவணையைக் குழுவில் வெளியிட விரும்பினால், முதலில் உங்களை நீங்களே ஒரு கட்டத்தில் வைத்து, அதற்கான சான்றோடு காட்டுங்கள். பின்னர் விருப்பம் தெரிவித்தவர்களை மட்டும் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் அவர் எழுதியவற்றிலிருந்தே இரண்டு மூன்று எடுத்துக்காட்டுகளைக் குறிப்பிடுங்கள். தீமை வரிசையில் யாரையாவது வைக்க நேர்ந்தால், அவரே சிரித்துக்கொண்டு கேட்டாலொழிய வெளியிட வேண்டாம். உண்மையிலேயே அந்த இடத்துக்கு உரியவர் இருந்தால் அது நிர்வாகிகளிடம் தனியே சொல்ல வேண்டிய புகார். அந்த விளையாட்டின் பழைய விதிகளின்படி சார்பு மாறிய பாத்திரம், ஆடி ஆடி ஈட்டிய அனுபவப் படிகளில் ஒன்றை இழக்கும். குழுவில் அப்படி எந்தத் தண்டனையும் வேண்டாம். புதிய சான்று கிடைத்தால் பெயரை வேறு கட்டத்துக்கு மாற்றி, மாற்றிய தேதியைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.