பூசணம் பூத்த தோல்பை
ஐப்பசி மழைக்கு முன்னால் பிளாஸ்டிக் கவரில் சுற்றி பீரோவில் வைத்த தோல்பையை மார்கழியில் எடுத்தால், மடிப்பெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி பூசணம். கவர்தான் வினை; ஈரம் வெளியேற வழியே இல்லை.

மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் (வீட்டுக்குள் தட்டினால் அந்தத் தூள் எல்லாத் துணியிலும் ஏறும்) பழைய பல் பிரஷால் தேய்த்தேன். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, 2 நாள் ஃபேன் காற்றில் போட்டேன். வெயிலில் இல்லை, போன வருஷம் செருப்பை அப்படித்தான் அப்பளமாக்கினேன்.

பக்கத்து வீட்டு அக்கா தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். வாரின் அடிப்பக்கம் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். கறுத்தது கறுத்ததுதான், இன்னும் போகவில்லை. கடைசியில் தேன்மெழுகு கலந்த லெதர் கிரீமை மிளகளவு எடுத்து, விரல் சூட்டில் இளக்கித் தேய்த்தேன். மொடமொடத்த மடிப்பு மெல்ல வளைந்தது.

இப்போது பருத்தி உறைக்குள், கசக்கிய வெள்ளைத்தாள் அடைத்து, பீரோவுக்கு வெளியே ஆணியில் தொங்குகிறது.