அல்ப்ஸ் பூவும் வன்னி வெயிலும்: கல்தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவிஸில் இருக்கும் சொந்தங்கள் அல்ப்ஸ் மலைப் பூக்களைப் படம் எடுத்து அனுப்ப, இங்கே வன்னியில், கிளிநொச்சி வளவிலும் கல்லுக்கிடையில் செடி நடும் ஒரு கல்தோட்டம் போட ஆசை வந்துவிடுகிறது. ஆசை சரி. விதையையும் அங்கிருந்தே எடுப்பிப்பதுதான் முதல் தவறு. எடெல்வைஸ், ஜென்ஷியன் எல்லாம் மரமே வளராத உயரத்துச் செடிகள். மாதக்கணக்கில் பனிக்கடியில் உறங்க வேண்டும்; கோடையிலும் இரவு குளிர வேண்டும். நமக்கு மார்கழி இரவே பெரும்பாலும் 20 பாகைக்கு மேல்தான் நிற்கும். விதையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து முளைக்கப் பண்ணலாம். முளைத்த கன்றை எங்கே வைப்பது? வெளிநாட்டு விதையை இறக்க அனுமதி வேறு எடுக்க வேண்டும்.

மலையிடம் கற்க வேண்டியது வடிகால் வித்தையை. அங்கே செடி நிற்பது நொறுங்கிய கல்லில். பெய்த தண்ணீர் உடனே இறங்கிவிடும். நம்முடைய செம்மண் கோடையில் செங்கல், மாரியில் களி. என் முதல் பாத்தியைத் தரைமட்டத்தில் போட்டு, மாட்டெருவையும் தாராளமாகக் கலந்தேன். கார்த்திகையில் ஒரு கிழமை விடாமல் பெய்தது. அடேனியத்தின் (பாலைவன ரோஜா) பருத்த அடியை அமுக்கிப் பார்த்தேன், விரல் உள்ளே போனது. வெயிலுக்குச் செத்தது ஒன்றுமில்லை. எல்லாம் அழுகித்தான் போயின.

இப்போது பாத்தி ஒன்றரை அடி உயரம். பாதி பருமணலும் சல்லியும், மீதி மண், அதில் ஒரு பிடி மக்கிய எரு. செடியின் கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் கனத்துக்குச் சல்லி. வைக்கோல் மூடாக்கு மிளகாய்க்கு நல்லது, இங்கே ஈரத்தைப் பிடித்து வைத்து அழுகவைக்கும்.

கல்லை மண்ணின் மேல் சும்மா வைத்துவிடுவதும் பிழை. மூன்றில் ஒரு பங்காவது புதைய வேண்டும். புதைந்த கல்லின் அடியில் குளிர்ச்சி நிற்கும், வேர் அதைத் தேடிப் போகும். பொந்துகளை மண் போட்டு இறுக்குங்கள், இல்லாவிட்டால் பாம்பு குடிவரும். கல் பொறுக்கும் ஆசையில் கண்ணிவெடிப் பலகை நட்ட பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.

அடேனியம், கற்றாழை, மருள், பத்துமணிப்பூ, நித்தியகல்யாணி போதும். பிரண்டையும் நன்றாக வரும், ஆனால் விட்டால் மற்றதையெல்லாம் மூடிவிடும். மழைக்கு முன் நடாமல், தையில் மழை ஓய்ந்த பிறகு நடுங்கள். அடேனியத்துக்கும் கற்றாழைக்கும் நட்ட அன்றே வாளியைத் தூக்காதீர்கள். வேர்க்காயம் ஆற நாலைந்து நாள் விடுங்கள்.