ஹனிசக்கிள் வளர்ப்பில் செய்யக்கூடாத தவறுகள்

அந்தி சாய்ந்த பிறகு, பூத்துக் குலுங்கும் ஹனிசக்கிள் கொடியருகே பத்து நிமிடம் நின்று பாருங்கள். பகலில் லேசாக இருந்த மணம் அப்போதுதான் கனத்து எழும். ஹாக் மாத் அந்துப்பூச்சி ஒன்று பூவில் உட்காராமல், அந்தரத்தில் சிறகடித்தபடியே நீண்ட உறிஞ்சுகுழலை நுழைத்துத் தேன் குடிக்கும். இந்த விருந்தாளிகளுக்காகக் கொடியை நட்டுவிட்டு, நம் கையாலேயே அவர்களை விரட்டிவிடுகிறோம்.

முதல் குற்றவாளி கத்தரிக்கோல்தான். ஐரோப்பியக் காட்டு ஹனிசக்கிள் முந்தைய ஆண்டு வளர்ந்த தண்டுகளிலிருந்துதான் பூக்கும். வசந்தம் பிறந்ததும் கவாத்து செய்தால் அந்த ஆண்டுப் பூக்களை வெட்டி எறிந்தவர்களாவோம். பூத்து முடிந்த பிறகு வெட்டுவதே முறை. அப்போதும் மொட்டையடிக்காதீர்கள். பூ உதிர்ந்த இடத்தில்தான் சிவப்புப் பழங்கள் திரளும். பறவைகள் அவற்றைத் தேடி வரும். (நமக்கு அவை ஆகாது; குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள்.) ஓர் ஆண்டு ஒரு பகுதி, மறு ஆண்டு இன்னொரு பகுதி என்று வெட்டினால் போதும். முதிர்ந்த தண்டில் பட்டை நார் நாராக உரிந்து தொங்குவதைப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று அறுத்துவிட வேண்டாம். டார்மவுஸ் என்ற சிற்றெலி அந்த நாரை உரித்துத்தான் கூடு பின்னுகிறது.

சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைக் கண்டதும் மருந்தடிப்பது அடுத்த தவறு. பொறிவண்டுகள் வரச் சில நாட்கள் பொறுங்கள். மருந்து அவற்றையும் சேர்த்தே கொல்லும். வேர்ப்பகுதி காய்ந்தால் இலைகளில் சாம்பல் நோய் படரும். அடியில் சருகு மூடாக்கும் நிழலும், நுனியில் வெயிலும் இருக்கட்டும். இளம் மரக்கன்றைக் கொழுகொம்பாக்காதீர்கள், கொடி இறுக்கிச் சுற்றித் தண்டில் பள்ளம் விழச் செய்துவிடும்.

எந்த இனம் என்று பார்க்காமல் வாங்குவதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. ஜப்பானிய ஹனிசக்கிள் வட அமெரிக்கக் காடுகளில் பரவி, அங்குள்ள செடிகளை மூடி நெரிக்கிறது. அந்த மண்ணுக்கு உரியது செங்குழல் பூக்கள் கொண்ட லோனிசெரா செம்பர்வைரன்ஸ் என்ற ஹனிசக்கிள் இனம். மணம் இல்லாவிட்டாலும் ஹம்மிங் பறவைகள் அதை நாடி வரும்.

ஐரோப்பியத் தோட்டங்களில் மரநிழலில் மெலிந்து, சரியாகப் பூக்காமல் தொங்கும் கொடியையும் பிடுங்கிவிடாதீர்கள். ஒயிட் அட்மிரல் வண்ணத்துப்பூச்சி முட்டையிடத் தேடுவது அப்படிப்பட்ட நிழல்கொடியைத்தான்.