கோவர்த்தனக் காட்சியைச் சிற்றோவியமாகத் தீட்டும் முறை

பஹாரி பாணியில், அதாவது இமயமலை அடிவார அரசுகளில் வளர்ந்த சிற்றோவிய பாணியில், கண்ணனை வரைய ஆசைப்படுபவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது கோவர்த்தனக் காட்சிதான். மலை, மழை, மாடு, மனிதக் கூட்டம், மேலே ஐராவதத்தில் இந்திரன் என்று எல்லாப் பயிற்சியும் ஒரே தாளில் அமைந்துவிடும்.

தாளுக்கு வஸ்லி என்ற கெட்டித் தாள். மூன்று நான்கு தாள்களை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்த பசையால் ஒட்டியது, பூச்சி அரிக்காது. விலைக்குக் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். அக்காலத்தில் சிவப்புக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் அரைத்தார்கள். ஒன்றில் பாதரசம், மற்றதில் ஆர்செனிக். வீட்டில் தொடவே வேண்டாம். கௌவாஷ் என்ற, அடி தெரியாமல் மூடும் நீர்வண்ணம் போதும். காவியை மட்டும் கருவேலம்பிசினோடு குழைத்துக்கொள்ளலாம்.

நீர்த்த காவியில் கோடு போட்டு, அதன்மேல் மெல்லிய வெள்ளை பூசுங்கள். அடியில் மங்கலாகத் தெரியும் கோட்டைத் திருத்தி மறுபடி வரையுங்கள். பிறகு வானம், மலை, கடைசியில்தான் ஆட்கள். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்ததும் படத்தை வழவழப்பான கல்லில் குப்புறப் போட்டு, முதுகுப்புறம் அகேட் என்ற வழவழப்பான மணிக்கல்லால் தேயுங்கள். வண்ணம் தாளோடு படிந்து பளபளக்கும். இதைத் தவிர்த்தால் பஹாரி மெருகு வராது.

கண்ணனுக்கு அப்போது ஏழு வயது. மலையைத் தாங்கியது ஏழு நாள். ஆனாலும் அந்தத் தோளில் பாரம் தெரியக் கூடாது. இடது கைச் சுண்டுவிரல் நிமிர்ந்திருக்கட்டும், முகம் சாந்தமாக இருக்கட்டும். பாரத்தையெல்லாம் ஆயர்களிடம் காட்டுங்கள். தாங்களும் தாங்குவதாக நினைத்துக் கோல்களை மலைக்கு முட்டுக் கொடுப்பார்களே, அந்தக் கோல்களை விட்டுவிடாதீர்கள். எனக்கு இந்தக் காட்சியில் மிகப் பிடித்தது அந்த அன்புதான். கூட்டம் வரையக் கற்க, அக்பருக்காக 1590-95 வாக்கில் தீட்டப்பட்ட ஹரிவம்ச ஏட்டை (கண்ணன் கதை சொல்லும் நூலின் ஓவியப் பக்கம்) இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். முகலாய பாணிதான், ஆனால் ஒரு முகம்போல் இன்னொன்று இல்லை. இப்போது அது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மழைக்கு மிகக் கூரான நுனியுள்ள தூரிகை வேண்டும். வெள்ளையை நீர்க்கக் கரைத்து, சாய்ந்த கோடுகளை ஒரே இழுப்பில் இழுங்கள். மலை விளிம்போடு நிறுத்துங்கள். மலைக்கடியில் ஒரு துளியும் விழக் கூடாது. முத்துக்குக் கெட்டியான வெள்ளைப் பொட்டு, தொட்டால் மேடு தட்டும்படி. பஹாரி பாணியின் ஒரு பிரிவான பசோலி ஓவியர்கள் மரகதத்துக்குப் பச்சை வண்டின் இறக்கைத் துண்டையே ஒட்டினார்கள். நீங்கள் பச்சை வண்ணமே வையுங்கள். பொன் வண்ணம் எல்லாவற்றுக்கும் பிறகு. ஓரத்துக்கு பசோலி வழக்கப்படி அடர்ந்த சிவப்பு.