மோட்ஃப்ளோவுக்கு முன் ஒரு காகிதக் கணக்கு

ராணிப்பேட்டைப் பக்கம் குரோமியம் கலந்த மஞ்சள் கிணற்றுநீரைப் பார்த்த நாளிலிருந்து, நிலத்தடி நீரில் மாசு எப்படி நகரும் என்று காட்டும் கணினி மாதிரியை நான் காகிதத்தில்தான் தொடங்குகிறேன். நீர் கடத்துதிறன் (மண் நீரை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்பது) நாளுக்கு 10 மீட்டர், நீர்மட்டச் சரிவு (மீட்டருக்கு எவ்வளவு இறங்குகிறது என்பது) 0.002, நுண்துளைமை (மண்ணில் இடைவெளிகளின் பங்கு) 0.2 என்று வையுங்கள். முதல் இரண்டையும் பெருக்கி மூன்றாவதால் வகுத்தால் நீர் நகரும் வேகம் நாளுக்கு 0.1 மீட்டர், அதாவது வருடத்துக்குச் சுமார் 36 மீட்டர். குடிநீர்க் கிணறு 180 மீட்டர் தள்ளி இருந்தால் மாசு அங்கே போய்ச் சேர ஐந்தே வருடம். மண்ணில் ஒட்டித் தாமதமாகும் என்று நம்பி உட்காராதீர்கள்.

அப்புறம்தான் மோட்ஃப்ளோ, நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள். இலவசம், அதன் முகப்பு மென்பொருளான மாடல்மியூஸில் வரைந்தே உள்ளிடலாம். நீங்கள் அளந்த நீர்மட்டங்களோடு மாதிரி பொருந்திய பிறகே மாசு நீரை இழுத்தெடுக்கும் இறைப்புக் கிணற்றை அதில் வையுங்கள். நீரோடு துகள்கள் போகும் பாதையைக் காட்டும் மோட்பாத்தில் துகள்களை விட்டு, மாசுப் பகுதியிலிருந்து கிளம்பிய எல்லாம் அந்தக் கிணற்றில் வந்து சேரும்வரை இறைப்பு அளவை மாற்றிப் பாருங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை நீர்மட்டம் அளந்து இதையே திரும்பச் செய்யுங்கள். நீரோட்டத்தின் திசையே மாறியிருக்கலாம்.