மடிக்கணினியில் ஓபன்பிஎஸ்டி: முதலில் லேன், பிறகு வைஃபை

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் அலுவலக மேசைக்கு லேன் கேபிள் வந்திருக்கிறது, மாடியிலுள்ள கட்டிங் பகுதியில் வைஃபை மட்டுமே கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்துக்கும் ஒரே மடிக்கணினியைக் கொண்டுசெல்பவர், ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை நிறுவியதும் நெட்வொர்க் அட்டைகளை எப்படி அமைப்பது என்று பார்ப்போம். கட்டளைகள் அனைத்தையும் ரூட் என்ற நிர்வாகப் பயனராக, ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் உள்ளிட வேண்டும்.

முதலில் ஐஎஃப்கான்ஃபிக் என்ற கட்டளையை இயக்குங்கள். இங்கே டிரைவரின் (அட்டையை இயக்கும் மென்பொருளின்) பெயரே அட்டைக்கும் பெயர் என்பதால், லினக்ஸில் பழகியவர்கள் ஈத்0-ஐத் தேட வேண்டாம். இன்டெல் கிகாபிட் அட்டை பெரும்பாலும் இஎம்0 என்றும், ரியல்டெக் ஆர்இ0 என்றும், இன்டெல் வைஃபை அட்டை அதன் தலைமுறையைப் பொறுத்து ஐடபிள்யூஎன்0, ஐடபிள்யூஎம்0, ஐடபிள்யூஎக்ஸ்0 என்றும் தெரியும்.

வைஃபை அட்டை பட்டியலில் இருந்தும் இயங்கவில்லையென்றால், அது பழுது என்று முடிவுகட்டிக் கோவை காந்திபுரத்துக்குப் புது அட்டை வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். கணினி தொடங்கும்போது வரும் செய்திகளைக் காட்டும் டிமெஸ்க் கட்டளையின் வெளியீட்டில் 'குட் நாட் ரீட் ஃபர்ம்வேர்' (ஃபர்ம்வேரைப் படிக்க முடியவில்லை) என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேரை (அட்டைக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருளை), அதன் உரிம நிபந்தனைகள் காரணமாக, ஓபன்பிஎஸ்டி தன்னோடு சேர்த்துத் தருவதில்லை; அதைத் தனியாக இறக்க வேண்டும், அதற்கு வேறொரு வழியில் இணையம் வேண்டும். லேனை முதலில் அமைக்கச் சொல்வது இதனால்தான்.

ஈடிசி அடைவில் ஹோஸ்ட்நேம்.இஎம்0 என்ற கோப்பை உருவாக்கி, அதில் 'ஐநெட் ஆட்டோகான்ஃப்' என்று ஒரே வரி எழுதிச் சேமியுங்கள். பிறகு எஸ்ஹெச் கட்டளையோடு ஈடிசியிலுள்ள நெட்ஸ்டார்ட் கோப்பை இயக்கினால் ஐபி முகவரி கிடைத்துவிடும். அடுத்து எஃப்டபிள்யூ_அப்டேட்டை இயக்கினால், உங்கள் அட்டைக்குரிய ஃபர்ம்வேரை அதுவே கண்டறிந்து இறக்கிக்கொள்ளும். கேபிள் இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பியில் இணைத்து டெதரிங் செய்யலாம். பெரும்பாலும் அது யூஆர்என்டிஸ்0 என்று தோன்றும், கோப்பையும் அந்தப் பெயரிலேயே உருவாக்க வேண்டும்.

இனி ஹோஸ்ட்நேம்.ஐடபிள்யூஎம்0 கோப்பில் ஜாயின், வைஃபையின் பெயர், டபிள்யூபிஏகீ, கடவுச்சொல் ஆகியவற்றை இதே வரிசையில் ஒரே வரியாக எழுதி, அடுத்த வரியில் 'ஐநெட் ஆட்டோகான்ஃப்' சேருங்கள். வீட்டுக்கொன்று, கம்பெனிக்கொன்று எனப் பல ஜாயின் வரிகள் இருக்கலாம். பழைய குறிப்புகளில் என்டபிள்யூஐடி என்றிருக்கும். 2018-இல் வெளியான 6.4 பதிப்பு முதல் ஜாயின் வந்துவிட்டது, மடிக்கணினிக்கு அதுவே ஏற்றது. கடவுச்சொல் வெளிப்படையாக இருப்பதால் கோப்பின் அனுமதியை 640 என மாற்றிவிடுங்கள்.

கேபிளைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்குப் போகும்போது எஸ்எஸ்ஹெச் (வேறொரு கணினிக்குள் தொலைவிலிருந்து நுழையும்) இணைப்பு அறுந்துபோகக் கூடாதென்றால், இரண்டு அட்டைகளையும் ட்ரங்க்0 என்ற ஒரே மெய்நிகர் அட்டையின்கீழ்க் கொண்டுவர வேண்டும். லேனும் வைஃபையும் ஒரே நெட்வொர்க்கைச் சேர்ந்தவையாக இருந்தால்தான் இது பயன்படும். இரு கோப்புகளிலும் ஆட்டோகான்ஃப் வரியை நீக்கிவிட்டு 'அப்' என்று எழுதுங்கள். ஜாயின் வரிகள் அப்படியே இருக்கட்டும். ஹோஸ்ட்நேம்.ட்ரங்க்0 கோப்பின் முதல் வரி 'ட்ரங்க்ப்ரோட்டோ ஃபெயில்ஓவர் ட்ரங்க்போர்ட் இஎம்0 ட்ரங்க்போர்ட் ஐடபிள்யூஎம்0', அடுத்த வரி 'ஐநெட் ஆட்டோகான்ஃப்'. முதலில் குறிப்பிடும் அட்டைக்கே முன்னுரிமை என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். கணினியை மறுதொடக்கம் செய்து, ஐஎஃப்கான்ஃபிக் ட்ரங்க்0 என்று பாருங்கள்: கேபிள் செருகியிருக்கையில் இஎம்0-க்கு எதிரேயும், பிடுங்கியதும் ஐடபிள்யூஎம்0-க்கு எதிரேயும் 'ஆக்டிவ்' என்று காட்ட வேண்டும்.